கெய்கோவின் திரும்பும் பயணம்: ஒரு திரை நட்சத்திரத்தைக் கடலுக்கு அனுப்பிய நிகழ்வின் ஆய்வு

கெய்கோ ஓர் ஆண் ஓர்கா. ஓர்காவைக் கொலைத் திமிங்கிலம் என்று அழைக்கும் வழக்கம் இருந்தாலும் அது டால்பின் குடும்பத்தைச் சேர்ந்த விலங்கு. அந்தக் குடும்பத்திலேயே உடலால் மிகப் பெரியது. 1993-இல் வெளிவந்த 'ஃப்ரீ வில்லி' திரைப்படத்தில் வில்லியாகத் தோன்றிய கெய்கோவை அதன் பிறகு பத்தாண்டுகள் உலகமே பின்தொடர்ந்தது. அந்தப் பத்தாண்டுகளில் அந்த விலங்குக்காக எடுக்கப்பட்ட முடிவுகளையும், அவற்றின் காரணங்களையும், விளைவுகளையும் வரிசையாக இங்கே பதிவு செய்கிறேன். இதில் பங்கெடுத்த மனிதர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். பெரும்பாலானவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செயல்பட்டார்கள். தவறு நடந்த இடங்களைப் புரிந்துகொள்ள யார் செய்தார்கள் என்பதைவிட ஏன் செய்தார்கள் என்பதே முக்கியம்.

பின்னணி: சிரிக்காத விலங்கின் சிரிப்பு

திரையில் டால்பினுக்கு நட்சத்திர மதிப்பு வந்தது 1963-இல் 'ஃப்ளிப்பர்' படத்தோடு. அடுத்த ஆண்டே அது தொலைக்காட்சித் தொடராகி, 1967 வரை அமெரிக்காவில் ஓடியது. ஃபுளோரிடாவின் கடலோரத்தில் இரண்டு சிறுவர்களுக்குத் தோழனாக, ஆபத்தில் கைகொடுக்கும் காவலனாக ஃப்ளிப்பர் காட்டப்பட்டது. கதையில் ஃப்ளிப்பர் ஓர் ஆண். நடித்தவை பெரும்பாலும் பெண் டால்பின்கள், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்டவை. ஆண்கள் தங்களுக்குள் சண்டையிட்டு உடம்பெல்லாம் தழும்போடு இருக்கும். திரைக்கு வழுவழுப்பான தோல் வேண்டும். ஃப்ளிப்பரின் குரலாகப் பார்வையாளர்கள் கேட்டதும் டால்பினின் குரல் அல்ல. கூக்கபரா என்ற ஆஸ்திரேலியப் பறவையின் ஒலியை மாற்றியமைத்துச் சேர்த்திருந்தார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மயக்கம் அந்தச் சிரிப்பு. டால்பினின் வாய் மேல்நோக்கி வளைந்திருப்பது தாடையின் அமைப்பு. பசித்திருந்தாலும், நோயுற்றிருந்தாலும், இறந்து கிடந்தாலும் அதன் முகம் சிரித்தபடியேதான் இருக்கும். தொட்டியில் இருக்கும் டால்பின் மகிழ்ச்சியாக இருக்கிறது என்று கோடிக்கணக்கான குழந்தைகள் நம்பியதில் இந்தத் தாடை வளைவுக்குப் பெரும் பங்கு உண்டு. ஃப்ளிப்பராக நடித்த டால்பின்களில் ஒன்று 1970-இல் தன் பயிற்சியாளரின் கைகளிலேயே உயிர்விட்டது. அன்றிலிருந்து அவர் தம் வாழ்நாளை டால்பின்களைச் சிறைவைப்பதற்கு எதிராகச் செலவிட்டார். கெய்கோவின் கதைக்கு இது முன்கதை: திரையில் நாம் காண்பதற்கும் தொட்டியில் இருப்பதற்கும் உள்ள தூரம் முப்பது ஆண்டுகளாகவே யாருக்கும் தெரியாததாக இல்லை.

பிடிபட்டதிலிருந்து படப்பிடிப்பு வரை (1979–1993)

கெய்கோ 1979-இல் ஐஸ்லாந்துக் கடலில் பிடிபட்டது. அப்போது அதற்கு இரண்டு அல்லது மூன்று வயது. ஓர்காக்கள் தாய்வழிக் கூட்டமாக வாழ்பவை. பல கூட்டங்களில் மகன் வளர்ந்து பெரியவனான பிறகும் வாழ்நாள் முழுவதும் தாயின் அருகிலேயே நீந்துவான். வேட்டையாடும் முறையையும், கூட்டத்துக்கே உரிய ஒலிகளையும் குட்டிகள் தாயிடமும் உறவினரிடமும் இருந்துதான் கற்கின்றன. அந்தப் படிப்பு தொடங்கிய பருவத்திலேயே கெய்கோ வலையில் சிக்கியது. எந்தக் கூட்டத்திலிருந்து பிடித்தோம் என்று யாரும் குறித்துவைக்கவில்லை. அப்போது அதை யாரும் ஒரு குறையாகவும் நினைக்கவில்லை. இந்த ஆய்வில் நான் மறுபடி மறுபடி திரும்பி வரப்போவது எழுதப்படாமல் போன அந்தக் குறிப்புக்குத்தான்.

முதலில் ஐஸ்லாந்தில் ஒரு காட்சியகம். பிறகு 1982-இல் கனடா. அங்கே வேடிக்கை காட்டப் பழக்கினார்கள். வயதில் பெரிய ஓர்காக்களின் தொல்லை இருந்தது, தோலில் புண்களும் தோன்றின. 1985-இல் மெக்சிகோ நகரத்தின் ரெய்னோ அவெந்துரா கேளிக்கைப் பூங்காவுக்கு விற்கப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கும் மேலான உயரம். சிறிய டால்பின்களுக்காகக் கட்டப்பட்ட தொட்டி. உப்புக் கலந்து செய்த செயற்கைக் கடல்நீர், அதுவும் வெதுவெதுப்பானது. வட அட்லாண்டிக்கின் குளிர்நீருக்காகப் படைக்கப்பட்ட உடம்பு அதில் கிடந்தது. தன் இனத்தைச் சேர்ந்த இன்னொரு ஓர்காவை அங்கே அது பார்க்கவே இல்லை. தொட்டியில் துணைக்கு இருந்தவை சிறிய டால்பின்கள், மற்றபடி மனிதர்கள். அந்தப் பூங்காவின் பயிற்சியாளர்கள் கெய்கோவின் மீது உண்மையான பாசம் வைத்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பாசம் இருந்தது, வசதி இல்லை.

படக்குழு அங்கேதான் வந்தது. மோசமான பூங்காவில் அடைபட்ட ஓர்காவை ஒரு சிறுவன் கடலுக்கு விடுவிப்பதே கதை. கடைசிக் காட்சியில் சிறுவன் கையை உயர்த்த, பாறைத் தடுப்பின் மேலே வில்லி பாய்ந்து கடலில் விழுகிறது. அந்தப் பாய்ச்சல் தந்திரக் காட்சி. கெய்கோ தன் பங்கை நடித்து முடித்துவிட்டு அதே தொட்டியில் இருந்தது.

1993: கவனிக்கப்பட்டவை

படத்தின் முடிவில், திமிங்கிலங்களைக் காக்க விரும்புவோர் அழைப்பதற்கு ஒரு தொலைபேசி எண் காட்டப்பட்டது. அழைப்புகள் குவிந்தன. குழந்தைகள் கேட்ட கேள்வி எளிமையானது: வில்லி இப்போது எங்கே இருக்கிறது? அதே ஆண்டின் பிற்பகுதியில் ஒரு பெரிய அமெரிக்க இதழ் அதற்கு விடையை அச்சிட்டது.

மருத்துவர்களும் பார்வையாளர்களும் அப்போது கண்டவை இவை. எடை இருக்க வேண்டிய அளவைவிட மிகக் குறைவு. துடுப்புகளின் அருகே வைரசால் உண்டான மருபோன்ற புண்கள். தசை தளர்ந்திருந்தது. முதுகுத் துடுப்பு ஒரு பக்கமாக முழுவதும் மடிந்து கிடந்தது. இந்தக் கடைசி அடையாளத்தைச் சற்றுக் கூர்ந்து பார்க்க வேண்டும். வளர்ந்த ஆண் ஓர்காவின் முதுகுத் துடுப்பு ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும். அதற்குள் எலும்பு இல்லை. ஆழத்தில் நீந்தும்போது நீரே அதைச் சுற்றி நின்று தாங்குகிறது. மேற்பரப்பிலேயே நாள் முழுவதும் மிதந்து, ஒரே திசையில் வட்டமடித்துக்கொண்டிருந்தால் அது சரிந்துவிடும் என்பது பரவலான விளக்கம். சிறைபட்ட வளர்ந்த ஆண்கள் எல்லாவற்றிடமும் இதைக் காணலாம். ரசிகர்களுக்கோ அந்த மடிந்த துடுப்புதான் வில்லியின் அடையாளம். குழந்தைகள் வரைந்து அனுப்பிய படங்களிலும் துடுப்பு மடிந்தே இருந்தது.

முதல் முடிவு: இடமாற்றம் (1996)

1994-இன் இறுதியில் கெய்கோவுக்கென்றே ஓர் அறக்கட்டளை உருவானது. படத்தைத் தயாரித்த நிறுவனமும் ஒரு தொலைத்தொடர்புத் தொழிலதிபரும் பெருந்தொகை கொடுத்தார்கள். குழந்தைகள் உண்டியல் காசுகளை அனுப்பினார்கள். பூங்கா கெய்கோவை நன்கொடையாகவே கொடுத்துவிட்டது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், நியூபோர்ட் கடற்கரையில் உள்ள காட்சியகத்தில் 70 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து, உண்மையான குளிர்ந்த கடல்நீர் பாயும் பெரிய தொட்டி கட்டப்பட்டது.

1996 ஜனவரி 7 அன்று சரக்கு விமானத்தில் கெய்கோ அங்கே போய்ச் சேர்ந்தது. மெக்சிகோ நகரத்தில் விமான நிலையம் வரை தெருவோரங்களில் மக்கள் கூட்டமாக நின்று வழியனுப்பினார்கள்.

இந்த முடிவைப் பற்றி எனக்கு எந்த ஐயமும் இல்லை. எடுத்தவற்றிலேயே இதுதான் மிகச் சரியானது. முதலில் நோயைத் தீர்ப்பது, மற்றதைப் பிறகு யோசிப்பது என்ற வரிசை சரியாக இருந்தது. ஒன்றரை ஆண்டுக்குள் எடை ஏறத்தாழ 3,500 கிலோவிலிருந்து 4,300 கிலோவைத் தாண்டியது. தோல் புண்கள் மறைந்தன. வாளியிலிருந்து வாய்க்கு வரும் செத்த மீனையே உண்டு பழகிய விலங்குக்கு உயிருள்ள மீன்களைப் பிடிக்கும் பயிற்சி தொடங்கியது.

உரசலும் இங்கேதான் ஆரம்பித்தது. கெய்கோவைப் பார்க்க வந்த கூட்டத்தால் காட்சியகத்தின் வருமானம் பெருகியது. கடலுக்குக் கொண்டுபோகும் அளவுக்கு அது தயாரா என்பதில் 1997-இல் காட்சியகத்துக்கும் அறக்கட்டளைக்கும் கருத்து வேறுபாடு முற்றி, வெளி மருத்துவர்களை அழைத்து உடல்நிலையை ஆராய வேண்டியிருந்தது. உடல் தேறிவிட்டது என்ற விடை வந்தது. ஆனால் கேட்கப்பட்டதே உடலைப் பற்றிய கேள்விதான். யாரோடு போய் வாழப்போகிறது என்ற கேள்வி அதே அழுத்தத்தோடு எழவில்லை.

இரண்டாம் முடிவு: ஐஸ்லாந்து (1998)

1998 செப்டம்பரில் அமெரிக்க விமானப் படையின் பெரிய சரக்கு விமானம் கெய்கோவை ஐஸ்லாந்தின் வெஸ்ட்மன் தீவுகளுக்குக் கொண்டுசென்றது. குட்டை ஓடுபாதையில் இறங்கியபோது விமானத்தின் சக்கரப் பகுதி சேதமடைந்தது. கெய்கோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிளெட்ஸ்விக் என்ற மலைசூழ்ந்த விரிகுடாவில் மிதக்கும் வலைக்கூண்டு காத்திருந்தது. 19 ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்த கடலின் நீர், அதில் வாழும் மீன்களின் ஒலி, அலை, நீரோட்டம்.

இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு மூன்று காரணங்கள் சொல்லப்பட்டன: பிறந்த கடல் இது, இங்கே ஓர்காக்கள் ஹெர்ரிங் மீன்களைத் தேடி வருகின்றன, அவற்றில் அதன் உறவினர்கள் இருக்கலாம். முதல் இரண்டும் உண்மைகள். மூன்றாவது வெறும் நம்பிக்கை. நான்காவதாக, எந்த அறிக்கையிலும் எழுதப்படாத ஒரு காரணமும் இருந்தது என்றே கருதுகிறேன்: படம் அப்படித்தான் முடிந்திருந்தது. காசு அனுப்பிய குழந்தைகளுக்கு அந்தக் கடைசிக் காட்சி கண்முன்னே இருந்தது. பணம் புகழால் வந்தது, புகழ் அந்தப் பாய்ச்சலால் வந்தது. பாதுகாப்பான கடல் கூண்டில் முதுமை வரை வைத்துப் பராமரிப்போம் என்று சொல்லி அதே பணத்தைத் திரட்டியிருக்க முடியுமா? கடினம்.

கடல் நடை (2000–2002)

2000-இல் விரிகுடாவின் வாயை வலையால் அடைத்து, முழுப் பரப்பிலும் கெய்கோ நீந்தும்படி செய்தார்கள். அதே ஆண்டிலிருந்து 'நடை' தொடங்கியது: ஒரு படகைப் பின்தொடர்ந்து திறந்த கடலுக்குப் போவது, காட்டு ஓர்காக்கள் இருக்கும் பகுதியில் படகு எஞ்சினை அணைத்துவிட்டு ஒதுங்கி நிற்பது. கூடவே, மனிதர்களை மறக்கவைக்கும் வேலையும் நடந்தது. தடவிக்கொடுப்பது குறைந்தது. வேலையாட்கள் கெய்கோவின் கண்ணைப் பார்ப்பதையே தவிர்த்தார்கள். இருபது ஆண்டுகளாக முகம் பார்த்துப் பழகிய விலங்குக்கு முகம் கொடுக்காமல் இருப்பது அந்தப் பயிற்சியாளர்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். வேலையின் தேவை அது; குற்றம் சொல்ல முடியாது.

கவனித்தவை வருத்தமளித்தன. தொடக்கத்தில் காட்டுக் கூட்டங்களிடமிருந்து விலகிப் படகின் அருகே வந்துவிடும். பின்னாளில் அவற்றோடு அதிக நேரம் தங்கியது. அப்போதும் பெரும்பாலும் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளி, கூட்டத்தின் ஓரத்தில் மிதந்தபடி. கூட்டம் உண்ணும்போது சேர்ந்து உண்டதாகத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. மற்றவை அதை விரட்டவுமில்லை, சேர்த்துக்கொள்ளவுமில்லை. விருந்துக்கு வந்து வாசலிலேயே நின்ற உறவினரைப் போல இருந்தது அது.

இதற்கிடையே 2001-இன் இறுதியில் முக்கியப் புரவலரான அந்தத் தொலைத்தொடர்புத் தொழிலதிபர் விலகிக்கொண்டார். செலவு கடுமையாகக் குறைக்கப்பட்டு, வேறொரு விலங்கு நல அமைப்பு பொறுப்பேற்றது. விலங்கின் முன்னேற்றத்தை வைத்து முடிவெடுக்க வேண்டிய கட்டத்தில் பங்குச் சந்தையின் சரிவும் முடிவெடுப்பவர்களில் ஒன்றாகிவிட்டது.

நார்வே (2002–2003)

2002 கோடையில் கெய்கோ வழக்கத்தைவிட நீண்ட நாட்கள் காட்டு ஓர்காக்களின் அருகே தங்கியது. ஆகஸ்டில் கிழக்கு நோக்கி நகரத் தொடங்கியது. துடுப்பில் பொருத்திய செயற்கைக்கோள் கருவி மட்டுமே அதன் இருப்பைச் சொன்னது. ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் நீந்தி, செப்டம்பர் தொடக்கத்தில் நார்வேயின் ஹால்சா பகுதியில் ஒரு நீண்ட கடற்கழிக்குள் வந்து சேர்ந்தது. யாரும் உணவு கொடுக்காத அந்த வாரங்களுக்குப் பிறகும் உடல் மெலியவில்லை. வழியில் தானாகவே இரை பிடித்திருக்க வேண்டும். யாரும் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் இத்தனை நாள் பட்டினி கிடந்த உடம்பு அப்படி இருக்காது.

அங்கே வந்ததும் செய்த முதல் காரியம் படகுகளைப் பின்தொடர்ந்ததுதான். செய்தி பரவியது. மக்கள் குடும்பம் குடும்பமாகக் கரைக்கு வந்தார்கள், உடன் நீந்தினார்கள், தடவினார்கள், குழந்தைகளை அதன் முதுகில் ஏற்றினார்கள். ஐஸ்லாந்தில் ஆண்டுக்கணக்கில் கண்ணைத் திருப்பிக்கொண்டு செய்த பயிற்சி சில நாட்களில் கரைந்தது. மக்களைக் குறைசொல்லி என்ன பயன்? வில்லியைத் திரையில் பார்த்து அழுதவர்கள் அவர்கள். அந்த விலங்கு தானாகவே அவர்களிடம் நீந்தி வந்து நின்றது. ஐம்பது மீட்டருக்குள் யாரும் நெருங்கக் கூடாது என்று அதிகாரிகள் பிறகு கட்டுப்பாடு விதித்தார்கள். கெய்கோவைப் பிடித்துத் தன் தொட்டிக்குக் கொண்டுபோக ஓர் அமெரிக்கக் காட்சியகம் அனுமதி கேட்டது, கிடைக்கவில்லை.

அந்த ஆண்டின் குளிர்காலத்தில் பராமரிப்பாளர்கள் அதைக் கூட்டம் அதிகம் வராத டாக்னெஸ் விரிகுடாவுக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே வலை இல்லை, கூண்டு இல்லை. உணவு கொடுத்தார்கள், போக விரும்பினால் போகலாம். கெய்கோ சுற்றிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது. 2003 டிசம்பரில் சோர்வும் பசியின்மையும் தென்பட்டன. டிசம்பர் 12 அன்று இறந்தது. நிமோனியா என்று கருதப்பட்டது. வயது ஏறத்தாழ 27.

பராமரிப்பாளர்கள் கூட்டத்தையும் கேமராக்களையும் தவிர்த்து, குளிர்காலத்து இருட்டில், கரையோர நிலத்தில் குழிதோண்டிப் புதைத்தார்கள். வாழ்நாள் முழுவதும் பார்க்கப்பட்ட ஒரு விலங்குக்கு யாரும் பார்க்காத ஓர் இரவைக் கொடுத்த அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். பிறகு குழந்தைகள் வந்து ஆளுக்கொரு கல்லாக அங்கே அடுக்கினார்கள்.

எங்கே பிசகியது, எது பிசகவில்லை

இந்த முயற்சி முழுத் தோல்வி என்று அப்போது பலர் எழுதினார்கள். மொத்தச் செலவு இரண்டு கோடி டாலரைத் தாண்டியதைச் சுட்டிக்காட்டி, இத்தனை பணம் ஒரே விலங்குக்கா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் மெக்சிகோ தொட்டியிலேயே விட்டிருந்தால் அது நீண்ட நாள் வாழ்ந்திருக்காது என்பதே அப்போதைய மருத்துவக் கணிப்பு. அதன் பிறகு கிடைத்த ஏறத்தாழ எட்டு ஆண்டுகளில் ஐந்துக்கு மேல் உண்மையான கடலில் கழிந்தன. அந்த ஐந்து ஆண்டுகளைக் கெய்கோவின் பக்கத்திலிருந்து பார்த்தால் தோல்வி என்ற சொல் எனக்கு வாயில் வரவில்லை.

பிசகியது இலக்கு. காட்டுக் கூட்டத்தில் சேர்ந்து மனிதர்களை மறந்துவிடுவதுதான் வெற்றி என்று முன்பே தீர்மானித்துவிட்டார்கள். மிக இளம் வயதில் பிடிபட்டது, நீண்ட சிறைவாசம், தன் இனத்தோடு தொடர்பே இல்லாமல் கழிந்த ஆண்டுகள், மனிதர்களோடு ஏற்பட்ட ஆழ்ந்த பிணைப்பு ஆகியவை சேர்ந்து அந்த இலக்கை எட்ட முடியாததாக்கின என்று ஆய்வாளர்கள் பின்னர் எழுதினார்கள். இவற்றில் ஒன்றுகூட 1998-இல் தெரியாத செய்தி அல்ல.

மறுபடி செய்தால்

கெய்கோ நார்வே நோக்கிப் புறப்பட்ட அதே 2002 கோடையில், கனடாவின் பசிபிக் கரையில் இன்னொரு ஓர்கா விடுவிக்கப்பட்டது. ஸ்பிரிங்கர் என்ற அந்தப் பெண் குட்டிக்கு இரண்டு வயது. தாயை இழந்து, அமெரிக்காவின் சியாட்டில் அருகே தனியாகச் சுற்றிக்கொண்டிருந்ததை அந்த ஜனவரியில் கண்டார்கள். அது எழுப்பிய ஒலிகளைக் கேட்டே எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். அந்தக் கடலின் ஓர்காக் குடும்பங்களைத் தலைமுறை வாரியாகப் பதிவுசெய்து வைத்திருந்ததால் அது முடிந்தது. சில வாரங்கள் கூண்டில் வைத்து உடலைத் தேற்றினார்கள், மனிதர் பழக்கத்தைக் கூடியவரை தவிர்த்தார்கள், குடும்பம் வரும் நீரிணையில் கொண்டுபோய் விட்டார்கள். உறவினர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பின்னாளில் அது குட்டிகளும் ஈன்றது.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் என் கருத்தில் மாற வேண்டியவை தெளிவாகின்றன. விடுவிப்பைப் பற்றிப் பேசும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி குடும்பம் எது, அது எங்கே என்பது. அதற்கு விடை இல்லாதபோது, காலம் முழுவதற்குமான கடல் கூண்டையும் பழகிய மனிதர்களையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். மனிதர்களிடம் பாராமுகம் பழக்குவதற்கு அங்கே இடமில்லை. டாக்னெஸ் விரிகுடாவில் கடைசி ஓராண்டு நடந்தது ஏறத்தாழ இதுதான். அதை 1998-இலேயே இலக்காக வைத்திருந்தால் கெய்கோவும் பராமரிப்பாளர்களும் நான்கு ஆண்டு விலகலை அனுபவித்திருக்க வேண்டியதில்லை. பணத்தைப் பொறுத்தவரை, விலங்கின் எஞ்சிய ஆயுள் முழுவதற்குமான தொகையை ஒரே வைப்பாகப் பூட்டிவைத்த பிறகே இடம் மாற்ற வேண்டும்.

படமெடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. 1993-லேயே அந்தப் பாய்ச்சலை உயிருள்ள ஓர்கா இல்லாமல் எடுக்க முடிந்தது. இன்றைய நுட்பத்தில் எந்தக் காட்சிக்கும் உயிருள்ள டால்பின் தேவையில்லை. அப்படியும் பயன்படுத்துவதானால், கேமரா போன பிறகு அந்த விலங்கு எந்தத் தொட்டிக்குத் திரும்பும், யார் பொறுப்பு, எத்தனை ஆண்டுகளுக்கு என்பதைப் படப்பிடிப்பின் முதல் நாளுக்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். கெய்கோவின் விஷயத்தில் இந்தக் கேள்வியைப் படம் வெளிவந்த பிறகு குழந்தைகள்தான் தொலைபேசியில் கேட்டார்கள்.